பொய் சொல்லிச் சாப்பிடாத மாமி

மேசைக்கு அடியில் என் கால்மேல் வந்து அமரும் மாமியின் வலது கால்தான் முதலில் ஞாபகம் வருகிறது. மாமி என்றால் என் மனைவியின் அம்மா. சாப்பாட்டுக்கு முன் அவர் கண்ணை மூடி ஜெபம் தொடங்குவார். என் கால் ஆடத் தொடங்கும். பிறக்கும்போதே எனக்குக் காலில் ஒரு மோட்டரைப் பூட்டி, நிறுத்தும் சுவிட்சை வைக்க மறந்துவிட்டார்கள் போலும். பள்ளிக்கூடத்திலும் இருக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்பில் நானும் அதுவும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்தோம். ஓட்டோ ஓட்டத்தான் சரிப்பட்டது. அதில் இருந்துகொண்டே ஓடலாம். மேசை நடுங்கிக் கறிச்சட்டி மூடி கிணுகிணுக்கும்போது மாமியின் கால் மெல்ல வந்து என் காலை அமுக்கும். ஜெபம் மட்டும் நிற்காது.

நீண்ட ஜெபம் அது. லிங்கநகர் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த புதிதில், மாமி முடிப்பதற்குள் துறைமுகத்துக்கு ஆள் ஏற்றி ஒரு ஹயர் போய்வந்துவிடலாமே என்று தவித்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வந்ததற்கு நன்றி. கடற்காற்றுக்கு நன்றி. பஸ் பிந்தியதற்கும் நன்றி. பக்கத்தில் நின்ற பெண்ணோடு கதைக்கக் கிடைத்ததாம். பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"மாமி, மீன் முள்ளுக்கு நன்றி சொல்ல மறந்திட்டியள்."

"முள்ளு இருக்கிறபடியாத்தான் தம்பி, நீங்கள் கதையாமல் சாப்பிடுறியள். அதுக்கும் நன்றிதான்."

என் காலை அமுக்கிய அந்தக் காலைத்தான் நீரிழிவு என்கிற சீனி வருத்தம் கொண்டுபோனது. சின்னப் புண்ணாக வந்து, பெரிய புண்ணாகி, கடைசியில் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து என் ஓட்டோவில்தான் கூட்டிவந்தேன். சிரிக்கட்டும் என்று வழியெல்லாம் பகிடி விட்டேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டில் சோற்றுக்கு முன்னால் இருந்தார். கண்ணை மூடினார். திறந்தார். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

மறுநாளும் அதே கதை. வெறும் தேத்தண்ணீர்தான் இறங்கியது. தேத்தண்ணீருக்கு ஜெபம் தேவையில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். இந்த வருத்தக்காரர் பட்டினி கிடந்தால் மயங்கிப்போவார், புண்ணும் ஆறாது என்று தாதி கண்டித்துச் சொல்லியிருந்தார். மனைவி அழுதும் பார்த்தாள், ஏசியும் பார்த்தாள்.

"ஏனம்மா இப்பிடிப் பட்டினி கிடக்கிறியள்?"

"நன்றி சொல்லாமல் நான் ஒருநாளும் சோத்தில கை வைச்சதில்லைப் பிள்ளை. இப்ப நன்றி வருகுதில்லை. பொய் சொல்லிச் சாப்பிட என்னால ஏலாது."

போதகர் வந்து வேதம் வாசித்தார். மாமி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், சோற்றைத் தொடவில்லை. நான் அடுப்பிருந்த குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். இரண்டு காலும் உள்ளவன் நடக்கிற நடை அந்த வீட்டில் எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் போய் மேசையில் இருந்தேன்.

"மாமி, இண்டைக்கு நான் சொல்லட்டோ?"

அதுவரை என் வாயில் ஆண்டவர் பெயர் வந்ததெல்லாம் பெற்றோல் முடிந்த இடங்களில்தான். கண்ணை மூடினேன். கால் ஆடத் தொடங்கியது. அமுக்க ஒன்றும் வரவில்லை.

"ஆண்டவரே, இது ஓட்டோக்காரன். உமக்கு என்ர குரல் பழக்கமிராது. மாமி உம்மோட கோபம். நானெண்டாலும் கோவிச்சிருப்பன். அதை நீங்கள் ரெண்டுபேரும் பிறகு கதைச்சுத் தீருங்கோ, இப்ப சோறு ஆறுது. இந்தச் சூடை மீனுக்கு நன்றி. மாமியின்ர பிள்ளை வைச்ச குழம்பில உப்புக் கூடிப்போச்சு, அதுக்கு நன்றி சொல்ல ஏலாது. கால் போனதுக்கும் நாங்கள் நன்றி சொல்லமாட்டம். மிச்சமிருக்கிற மாமிக்கு நன்றி."

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"மிச்சமோ?" என்றது மாமியின் குரல். "நான் என்ன பழஞ்சோறோ?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். மாமி கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஆமெனைச் சொல்லுங்கோ தம்பி. பசிக்குது."

அதன் பிறகு மாமியின் ஜெபம் இன்னும் நீண்டது. முதலில் கால் வழக்கு. ஆண்டவரை நிற்கவைத்து ஏசுவார். அது முடிந்துதான் தண்ணீர், காற்று, பஸ். சந்தோஷக்காரருக்குக் கோபமே வராது என்று அதுவரை நினைத்திருந்தேன். கோபத்தை ஒளிக்காத அந்த வாயிலிருந்து வந்த நன்றியைத்தான் நான் முதன்முதலாக நம்பினேன்.

இப்போது மாமி இல்லை. மூதூர்ப் படகு வரும் துறையடியில், ஓட்டோவுக்குள் இருந்து மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரிப்பேன். உடனே யாராவது வந்து நிற்பார்.

"தம்பி, போவமோ?"

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. ஒரு ஆளோட வழக்கொண்டு கிடக்கு."

மாமியை ஏன் கொண்டுபோனீர் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அதன் பிறகுதான் மிச்சத்துக்கு வருகிறேன்.