மருந்துக்கார அக்காவும் என் ஐஸ் பெட்டியும்

என் இயந்திரத்திலிருந்து முதன்முதலாக விழுந்த ஐஸ் கட்டியை மருந்துக்கார அக்கா சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு நின்ற காட்சி இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கணபதிப் பகுதியில் எங்கள் பட்டறை வாசல், காலை வெயில், விரல் நுனியில் தொப்பி போட்டதுபோல ஒரு கட்டி. அதிலிருந்து தண்ணீர் முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது. “ஏனுங்க அம்மணி, ஐஸுக்குள்ள எதுக்குங்க பொந்து? நடுவுல இருந்ததை நீங்களே தின்னுபோட்டீங்களா?” என்று கேட்டார். பட்டறையே சிரித்தது. நான் சிரிக்காமல் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்லும் வியாதி எனக்கு இருந்தது. ஒரு தட்டில் தண்ணீர் நிற்கும், அதற்குள் ஒன்பது உலோக விரல்கள் முங்கியிருக்கும், விரல்கள் குளிரக் குளிர அவற்றைச் சுற்றி ஐஸ் படியும், போதுமான கனம் வந்ததும் விரல்கள் ஒரு நொடி சூடாகிக் கட்டிகளைக் கழற்றி விட்டுவிடும், பொந்து என்பது அந்த விரல் இருந்த இடம். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு விரலிலிருந்த ஐஸை வாயில் போட்டுக் கடித்தார். “நல்லாருக்குதுங்க” என்றார். அந்தச் சொல்லை நான் அப்படியே நம்பினேன்.

எங்கள் பட்டறையில் அதுவரை கடைகளுக்கான குளிர்பெட்டிகள் செய்துகொண்டிருந்தார்கள். கையில் தூக்கிப்போகிற அளவில், வண்டியில் போய்க்கொண்டே ஐஸ் செய்கிற ஒரு பெட்டி வேண்டும் என்பது முதலாளியின் வெகுநாள் ஆசை. சுற்றுலா போகிறவர்கள் வாங்குவார்கள், மீன் விற்கிறவர்கள் வாங்குவார்கள், மருந்து கொண்டுபோகிறவர்கள் வாங்குவார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். வடிவமைப்பு முழுவதையும் என்னிடம் கொடுத்தார். நான் பள்ளிக்கூடம் போனதே எங்கள் வீட்டில் முதல் அதிசயம். அப்பா மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த வாரம், என் அடையாள அட்டையை ஒருநாள் கடன் வாங்கிக்கொண்டுபோய் மண்டியில் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் அப்பா திருப்பித் தந்தார். அதன் பிளாஸ்டிக் உறைமேல் கிழங்கு மண் ஒட்டியிருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. எனக்கே எனக்கென்று ஓர் இயந்திரம் என்றதும், மூன்று மாதம் தூக்கத்தில்கூட அதைத்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

மருந்துக்கார அக்கா பொள்ளாச்சிக்காரர். கறிக்கோழிப் பண்ணைகளுக்குத் தடுப்பு மருந்து கொண்டுபோய், குஞ்சுகள் குடிக்கும் தண்ணீரில் கலந்து கொடுப்பது அவர் தொழில். பழைய வேன் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஆறேழு பண்ணைகளுக்குப் போவார். அந்த மருந்துக் குப்பிகள் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். குளிர் போனால் மருந்து வெறும் தண்ணீர்தான், குஞ்சுகள் நோய் கண்டு கொத்துக்கொத்தாகச் சாகும். அதனால் காலையில் ஐஸ் கடையில் பாளமாக வாங்கி, சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து, தெர்மோகோல் பெட்டியில் மருந்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வார். மதியத்துக்குள் அது கரைந்துவிடும். ஆனைமலைப் பக்கத்துப் பண்ணைகள் கூப்பிட்டால், அவ்வளவு தூரம் ஐஸ் தாங்காது என்று அவர் மறுத்துவிடுவார். இப்படி ஒருவரைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். முதலாளி யாரோ மூலமாக அவரைப் பிடித்து, என் பெட்டியை அவர் வேனில் சோதனைக்கு வைத்தார்.

ஒன்பது நாள் சோதனை. தினமும் மதியம் அக்கா மருந்துப் பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்புவார். பெட்டி நிறைய ஐஸ், நடுவில் மருந்துக் குப்பிகள். நான் போன் செய்து, “நல்லா வேலை செய்யுதுங்களா அக்கா?” என்பேன். “அருமைங்க அம்மணி. நீங்க கவலையே படாதீங்க” என்பார். நடுவில் ஒருநாள் நேரில் பார்க்கப் போயிருந்தேன். அக்கா வீட்டில் நான் இருந்தபோது என் அப்பா போன் செய்தார். நான் கைவேலையாக இருந்ததால் அக்காதான் எடுத்துப் பேசினார். ரொம்ப நேரம் “ஆமாங்க, ஆமாங்க” என்று சிரித்துக்கொண்டே பேசினார். என் நோட்டில் தினமும் குறித்துக்கொள்ள நன்று, மிக நன்று என்று இரண்டே கட்டங்கள் போட்டிருந்தேன். சரியில்லை என்பதற்கு ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது நாளும் மிக நன்று. அந்தப் பக்கத்தை முதலாளியிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் உடனே அச்சுக்காரரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டார். பெட்டியின் பிளாஸ்டிக் உடலை வார்ப்பதற்கான அச்சு அது. எஃகில் ஒருமுறை வெட்டிவிட்டால் வெட்டியதுதான். அதற்குப் பிறகு உள்ளே விரலளவு இடம் கூடுதலாக வேண்டும் என்றாலும் கிடையாது.

சனிக்கிழமை காலையில் விளம்பர நோட்டீஸுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. அக்கா அனுப்பியவற்றில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கணினியில் பெரிதாக்கினேன். ஐஸ் பளபளவென்று அழகாக இருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். ஒன்றிலும் பொந்து இல்லை. எல்லாம் கூர்கூரான முனைகளோடு, கண்ணாடி உடைந்ததுபோல இருந்தன. அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று ஒன்பதையும் திறந்தேன். ஒன்பது படங்களிலும் என் இயந்திரத்தின் ஒரே ஒரு கட்டிகூட இல்லை. எல்லாமே பாளத்தைச் சுத்தியலால் உடைத்த ஐஸ். யாரிடமும் சொல்லாமல் உக்கடம் பஸ் நிலையம் போய்ப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக, அக்கா என் இயந்திரத்தை ஓட்டியே பார்க்கவில்லை, என்னை ஏமாற்றிவிட்டார் என்று கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கிணத்துக்கடவு தாண்டும்போது கோபம் போய்ப் பயம் வந்தது. ஓட்டிப் பார்த்து, அது வேலை செய்யவில்லை என்றால்?

அக்கா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினார். நான் போனில் படத்தைக் காட்டி, “இது எந்த ஐஸுங்க அக்கா?” என்று மட்டும் கேட்டேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை.

“கடை ஐஸுங்க.”

“ஒன்பது நாளுமா?”

“முதல் நாள் காலையில மட்டும் போடலீங்க. அன்னைக்கு உங்க மிசினை நம்பிப் போனேன். மூணாவது பண்ணையில மருந்து சூடாகப் பாத்துச்சு. குஞ்சுக பாவமுங்களே? ஓடிப்போய் ஐஸ் வாங்கிப்போட்டேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமுல்லீங்க? நான் தினமும் கேட்டேனே!”

“நல்லா வேலை செய்யுதுங்களான்னு கேட்டீங்க. அப்படிக் கேட்டா, இல்லைன்னு எப்படிங்க சொல்றது?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்கப்பா பேசினாருங்க. எம்புள்ள செஞ்ச மிசினு, நல்லா ஓடுதுங்களான்னு கேட்டாரு. மூட்டை தூக்கற மனுசன். அந்தச் சந்தோசத்துல மண்ணை அள்ளிப்போட எனக்கு மனசு வரலீங்க” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கோபமாகத்தான் வெளியே வந்தது. “பொய் சொல்லலாமுங்களா அக்கா? நான் உங்களுக்கு எப்பவாச்சும் பொய் சொல்லியிருக்கேனா?”

அக்கா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார். “போன வாரம் எங்கூட்டுல மோர் குடிச்சீங்களே, எப்படி இருந்துச்சு?”

“நல்லா…” என்று ஆரம்பித்துவிட்டேன். அந்த மோரின் ஞாபகம் நாக்கிலேயே வந்தது. கடல் தண்ணீரை அள்ளிக் குடித்ததுபோல இருந்த மோர் அது.

“நானும் உப்புப் போட்டேன், எங்கூட்டுக்காரரும் எனக்குத் தெரியாமப் போட்டாரு. நீங்க போனப்புறம் ஒரு வாய் குடிச்சுட்டுத் துப்பிப்போட்டேன். நீங்க முழுச் சொம்பையும் குடிச்சுப்போட்டு, நல்லாருக்குங்க அக்கான்னு இன்னும் கொஞ்சம் வேற வாங்கிக் குடிச்சீங்களே!”

வேனுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. எங்கள் பக்கத்து மனிதர்கள் எல்லோருமே இப்படித்தான். வந்தவர் மனம் கோணக் கூடாது என்று உப்பு மோரை இரண்டாவது முறையும் வாங்கிக் குடிப்போம். அது எனக்குத் தெரியாதா? தெரிந்தும், இயந்திரத்தைப் பற்றி மட்டும் எல்லோரும் உண்மை சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா வேனின் பின்கதவைத் திறந்தார். “இப்பச் சொல்றேன், கேளுங்க. இது குளிர் மிசின் இல்லீங்க, சூட்டு மிசினு. பண்ணைக்குப் போய்ச் சாவியை எடுத்தா நின்னுபோகுது. திரும்பிப் போட்டா முதல்ல சூடாகுதுங்க. படிஞ்ச ஐஸெல்லாம் கரைஞ்சு தண்ணியாப் போகுது. அப்புறந்தான் குளிரவே ஆரம்பிக்குது. அது கட்டி புடிக்கறதுக்குள்ள அடுத்த பண்ணை வந்துருதுங்க.” அவர் சொன்னது வரிக்கு வரி உண்மை. மின்சாரம் வந்ததும் விரல்களில் பழைய ஐஸ் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று, முதல் வேலையாக அவற்றைச் சூடாக்கும்படி நான்தான் எழுதியிருந்தேன். பட்டறை மேசையில் அது காலையிலிருந்து மாலைவரை நிற்காமல் ஓடும். கால்மணிக்கு ஒருமுறை நிற்கிற வேனை நான் நினைத்தே பார்க்கவில்லை. “இட்டேரியில போனா தட்டுத் தண்ணி பாதி வெளிய கொட்டிப்போகுதுங்க” என்று இன்னொன்றும் சொன்னார். இரண்டு பக்கமும் வேலியுள்ள அந்தக் குறுகிய மண்பாதைகளில் வேன் எப்படிக் குதிக்கும் என்று எனக்குத் தெரியும். அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் உடம்பெல்லாம் பரபரத்தது. எங்கே தப்பு என்று தெரிந்துவிட்டது! தப்பு தெரிந்தால் திருத்தலாம். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வரைய ஆரம்பித்தேன்.

அன்று சாயங்காலமே முதலாளியிடம் போனேன். பஸ்ஸில் நூறு முறை ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை. “அச்சு இப்ப வேண்டாமுங்க. என் மிசினு தப்புங்க” என்றேன். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். “ஐஸ் மிசினுன்னு சொல்லித் தோசைக்கல்லு செஞ்சு வச்சிருக்கியா கண்ணு?” என்றார் முதலாளி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். “அச்சு வெட்டினப்புறம் சொல்லியிருந்தா என் தலையில கல்லு. முன்னாடியே சொல்லிப்போட்ட. எத்தனை நாளு வேணும்?” பத்து நாள் கேட்டேன். அச்சுக்காரருக்கு என் முன்னாலேயே போன் செய்து, வேறு காரணம் எதுவும் சொல்லாமல், “எங்க பொண்ணு இன்னும் முடிக்கலீங்க” என்றார். அப்பாவுக்கும் அன்றே சொன்னேன். “மூட்டை சரியா ஏறலைன்னா இறக்கிவச்சுட்டு மறுபடி ஏத்தறதுதான் சாமி” என்றார்.

அந்தப் பத்து நாளைப்போல நான் சந்தோஷமாக வேலை செய்த நாட்கள் இல்லை. சாவியை எடுத்தாலும் ஓடும்படி பெட்டிக்குள் ஒரு சிறிய பேட்டரிக்கு இடம் பிடித்தேன். நின்று ஓடினால், விட்ட இடத்திலிருந்து தொடரும்படி மாற்றி எழுதினேன். தட்டுக்குள் குறுக்கே தடுப்புகள் வைத்து, மேலே ரப்பர் ஓரம் போட்ட மூடி வைத்தேன். சோதிக்க மேசையை நம்பவில்லை. பட்டறைத் தள்ளுவண்டியில் பெட்டியைக் கட்டி, கணபதியின் குண்டும் குழியுமான சந்துகளில் நானே தள்ளிக்கொண்டு ஓடினேன். “அம்மணி, ஐஸ் வண்டிக்கு மணி இல்லீங்களா?” என்று லேத் பட்டறைக்காரர்கள் கேலி செய்தார்கள். குச்சி ஐஸ் கேட்டுப் பின்னாலேயே இரண்டு குழந்தைகள் வந்தன. மூடியைத் திறந்து ஆளுக்கொரு பொந்து ஐஸ் கொடுத்தேன்.

பதினோராம் நாள் அக்காவின் வேனில் நானும் ஏறினேன். கிளம்பும்போது அவர், “இன்னைக்கு ஐஸ் கடைப் பக்கமே போகலீங்க” என்றார். பெட்டியில் அத்தனை பண்ணைக் குஞ்சுகளின் உயிர் இருக்கிறது, கரைந்தால் வாங்கப் பக்கத்தில் கடையும் கிடையாது. ஏனென்றால் அன்று அவர் முதன்முறையாக ஆனைமலைப் பண்ணைகளுக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாவியை எடுத்ததும் நான் காதைப் பெட்டியில் வைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது. இட்டேரியில் வேன் குதித்தபோது மூடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை. கடைசிப் பண்ணையில், தென்னந்தோப்புக்கு நடுவே, நல்ல உச்சிவெயிலில் அக்கா மருந்துப் பெட்டியைத் திறந்தார். குப்பிகளைச் சுற்றிப் பொந்துப் பொந்தாக ஐஸ் குவிந்திருந்தது. வெப்பமானியைப் பார்த்தார். மருந்தைக் கலந்து ஊற்றினார். ஆயிரக்கணக்கில் மஞ்சள் குஞ்சுகள் தண்ணீருக்கு ஓடின. நான் பண்ணைக்குள்ளேயே சந்தோஷத்தில் துள்ளிக் குதித்துவிட்டேன்.

இப்போது அந்தப் பெட்டி பல ஊர்களுக்குப் போகிறது. எதைப் புதிதாக வடிவமைத்தாலும் நான் யாரிடமும் நல்லா இருக்குதுங்களா என்று கேட்பதில்லை. உங்களுக்கு இதில் எது எரிச்சல் என்று கேட்கிறேன். அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டது அன்று, அந்தப் பண்ணை வாசலில்தான். அக்கா கைகழுவிக்கொண்டே என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். “நெசமாத்தான் கேக்கறீங்களா?” என்றார். நெசமாத்தானுங்க என்றேன்.

“மூடியைத் திறக்க ரெண்டு கை வேணுமுங்க. ஒரு கையில மருந்தை வச்சுட்டு எப்படித் திறக்கறது? அப்புறம் அந்தச் சிவப்பு விளக்கு. நல்லா ஓடும்போது எரியுது. என்னமோ கெட்டுப்போச்சுன்னு நெஞ்சே நின்னுபோகுதுங்க. காத்து இழுக்கற ஓட்டையில கோழி இறகு போய் அடைச்சுக்குது. கைப்புடி அறுக்குது. வெள்ளைக் கலர் யாருங்க போடச் சொன்னது? இந்தத் தூசியில வெள்ளை எத்தனை நாளைக்குங்க?”

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். பக்கம் முடிந்தது. “இன்னும் இருக்குதுங்களா அக்கா?” என்று கேட்டேன்.

“இருக்குதுங்களாவா? இப்பத்தானுங்க ஆரம்பிச்சிருக்கேன்” என்றார் அக்கா. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, வேன் படியில் வசதியாக உட்கார்ந்தார்.