கவுண் பையில் இரண்டு சாவிகள்

புறங்கையைக் காரின் முன்மூடியான பொனற்மேல் வைத்துக் கண்களை மூடிக்கொள்கிறார் நித்தியானந்தன், காய்ச்சல் பார்ப்பவரைப்போல. காலை ஆறு மணி இருபது நிமிடம். கிரெய்கிபர்னில் எங்கள் தெருவின் புல்தரைகள் யாவும் உறைபனியில் வெளுத்துக் கிடக்கின்றன. முன்றலில் நின்றபடியே கார் உறுமுகிறது. அதன் புகை தெருவைக் கடந்து என் குசினி யன்னல்வரை வந்துவிடுகிறது. "இன்னும் வரேல்லை" என்று அவர் காரிடமே அறிவிக்கிறார். வரவேண்டியது சூடு. அதற்காகக் காத்திருப்பவர் அவருடைய மனைவி விமலாதேவி. ஏழு மணிக்கு வேலையில் இருக்கவேண்டிய அவர், கைப்பையும் உணவுப் பெட்டியுமாக வாசற்படியில் நிற்கிறார்.

இந்தச் சடங்குக்கென்று நித்தியானந்தனுக்குத் தனி உடை உண்டு. காதுகளை மூடும் கம்பளித் தொப்பி, சாரம், காலுறைக்குமேல் ரப்பர்ச் செருப்பு, எல்லாவற்றையும் போர்த்திய மரூன் நிற அங்கி. அங்கியை அவர் 'கவுண்' என்பார். கவுணுக்கு இரண்டு பைகள். காருக்கு இரண்டு சாவிகள். இடப்பையில் ஒன்று, வலப்பையில் மற்றது. ஒன்றை மனைவியிடம் கொடுத்துவைக்கலாமே என்று, ஊரில் ஆசிரியையாக இருந்த நான் ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டும் ஒரு இடத்திலை இருந்தால்தான் ரீச்சர் பத்திரம். ஆளுக்கொண்டு வைச்சால் ஆரிட்டை எது கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டு அவர் வென்றவராகத் திரும்பிவிட்டார்.

ஒரு கண்டுபிடிப்பும் அவர் பெயரில் உண்டு. அது சாவியைத் துளையில் நுழைக்கவேண்டிய கார் அன்று. சாவி அருகில் இருக்கும்போது பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும். கிளம்பிய பின் சாவியோடு இறங்கி உள்ளே போனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஓடும் காரைச் சாவியிலுள்ள பொத்தானால் பூட்ட முடியாது. எத்தனை முறை அழுத்தினாலும் அது செவிசாய்க்காது. பூட்டாமல் விட்டுப் போகவும் இயலாது. இரண்டு தெரு தள்ளி ஒருவர் இப்படிச் சூடேற்ற விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப்போன வேளையில், எவனோ ஏறி ஓட்டிச் சென்றுவிட்டான். இருக்கையில் இருந்த மதிய உணவும் சேர்ந்தே போயிற்று. ஆகவே நித்தியானந்தன் மூன்று வாரம் ஆராய்ந்தார். சாவியின் உடலுக்குள் மெல்லிய உலோகச் சாவியொன்று ஒளிந்திருப்பதையும், கதவுக் கைபிடியில் ஒரு மூடிக்குக் கீழே அதற்குரிய துளை இருப்பதையும் கண்டறிந்தார். அதனால் ஓடும் காரையும் வெளியிலிருந்து பூட்டலாம். சாவியை அவர் 'திறப்பு' என்பார்.

"திறப்புக்குள்ளை திறப்பு! இந்தத் தெருவிலை எத்தினை பேருக்குத் தெரியும் சொல்லுங்கோ?"

அறிவதற்குத் தெருவில் எவருக்கும் தேவை ஏற்படவில்லை.

சாவி தன்னை விட்டு அகலும்போது கார் எச்சரிக்கும். முதலில் 'பீப்' என்று மூன்று முறை கத்தும். பிறகு திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சாவிப் படம் மின்னும். முதல் நாள் விமலாதேவி அதைக் கண்டு பதறியபோது அவர் கையசைத்தார். "அது குளிருக்குக் கத்துது. நீர் கவனியாதையும்." அன்றிலிருந்து அவ்வீட்டில் அந்த ஓசைக்குப் பொருள் குளிர் என்பதாகவே நிலைத்துவிட்டது.

காரைப் பழுதுபார்க்கும் சுகிர்தன் என்ற இளைஞர் இதனை ஒப்பவில்லை. "அங்கிள், இப்பத்தைக் கார்களுக்கு உது தேவையே இல்லை. ஸ்ராட் பண்ணிட்டு மெல்லமா ஓடுங்கோ, காணும். மற்றது, திறப்பு உள்ளை இல்லாமல் எங்கையாவது கொண்டுபோய் நிப்பாட்டினியளோ, பேந்து ஸ்ராட் வராது. கவனம்."

"நான் ஏன்ராப்பா நிப்பாட்டப் போறன்?" என்று கேட்டுவிட்டு, அந்த இளைஞர் போன பின் நித்தியானந்தன் என் பக்கம் திரும்பினார். "எஞ்சின் பழுதானால்தானே உவனுக்குப் பிழைப்பு. எஞ்சினும் மனிசரைப் போலைதான் ரீச்சர். நித்திரையாலை எழுப்பின கையோடை ஓடு எண்டால் நீங்கள் ஓடுவியளோ?"

உவமை பொருத்தமானதே. குப்பைத் தொட்டியைத் தெருவோரம் இழுத்து வைக்குமாறு மனைவி காலை எட்டு மணிக்குக் கேட்டால், பதினொரு மணிவரை அவரும் சூடேறமாட்டார்.

கனடாவிலுள்ள மைத்துனர் காணொளி அழைப்பில் அடிக்கடி இவரை வம்புக்கு இழுப்பார். அங்கே குளிர்காலம் வந்தால் வெப்பநிலை சுழியத்துக்கு இருபத்தைந்து பாகை கீழே போகும். "அத்தான், உங்கை இப்ப என்ன ரெம்பரேச்சர்? நாலோ? எங்கடை பிறிஜ்ஜுக்குள்ளை நாலு. பால் நல்லாத்தான் கிடக்கு, ஒருத்தரும் அதைச் சூடாக்கிறேல்லை!" நித்தியானந்தன் அசையமாட்டார். "உங்கடை குளிர் காய்ஞ்ச குளிர். இது ஈரக் குளிர். எஞ்சினுக்குள்ளை இறங்கிற குளிர்." எஞ்சினுக்குள் அவர் இறங்கிப் பார்த்ததில்லை.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை, விமலாதேவியின் கடிகாரம் மட்டும் இல்லாவிட்டால்.

அவர் காரில் இருபது நிமிடத் தொலைவிலுள்ள முதியோர் இல்லமொன்றில் சமையற்பகுதியில் வேலை செய்கிறார். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. கணவரே கொண்டுபோய் விடவேண்டும். சூடேற்றுவதை நிறுத்தும் நேரத்தைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை, புறங்கை தீர்மானிக்கும். முன்கூட்டியே தொடங்கினால் என்ன என்று கேட்டால், "வேளைக்குத் தொடங்கினால் குளிர் கூட. குளிர் கூடினால் இன்னும் நேரம் வேணும்" என்பார். இந்தத் தருக்கத்துக்குள் நுழைந்தவர் வெளியேற வழியில்லை. இந்த நாட்டின் குளிர்காலம் தொடங்கும் சூன் மாதத்தில் மட்டும் விமலாதேவி ஆறு நாள் பிந்திச் சென்றார். பரிமாறப் பிந்திய கஞ்சிக்காகப் பல்லில்லாத முதியவர்கள் மேசையில் கரண்டியால் தட்டினார்களாம்.

சூலையில் அங்கே காலைச் சமையலின் தலைமைப் பொறுப்பு காலியாயிற்று. ஆறே முக்காலுக்குச் சமையலறையைத் திறக்கவேண்டும். "மனேச்சர் எனக்குத்தான் தாறன் எண்டு சொன்னவா ரீச்சர்," என்று விமலாதேவி என் குசினியில் நின்று சொன்னார். "ஆனால் ஓகஸ்ட் முடிய முன்னம் லைசன்ஸ் எடுத்துக் காட்டவேணும். இல்லாட்டி வேறை ஆளைப் போடுவாவாம். இவரை நம்பி ஏலாதெண்டு அவவுக்கும் விளங்கியிட்டுது."

ஐம்பத்து நான்கு வயதான அவர் ஒன்பது ஆண்டுகளாகப் பயிலுநர். மஞ்சள் நிற L பலகை இருமுறை வெயிலில் வெளிறி, இருமுறை மாற்றப்பட்டது. நன்றாகவே ஓட்டுவார், பக்கத்திலிருந்து கணவர் பேசாதபோது மிக நன்றாக ஓட்டுவார். தேர்வுக்குப் போகாமல் காலம் கடந்ததற்கு நித்தியானந்தன் தந்த காரணம் ஒன்றே: "அவவுக்கு ஓடத் தெரியும். காரைத் தெரியாது."

ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி காலை ஒன்பது மணிக்குத் தேர்வு குறிக்கப்பட்டது. சொந்தக் காரிலேயே செய்வதென்று முடிவு. அன்று அவர் வழமையைவிடக் கூடுதலாக, நாற்பது நிமிடம் சூடேற்றினார். எட்டு மணிக்கு உலோகச் சாவியால் கதவைத் திறந்துவிட்டு, வண்டியோட்டி வேடமணிந்தவரைப்போல மனைவிக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தெருவுக்கு இப்பாலிருந்து வாழ்த்திக் கையசைத்தேன். விமலாதேவி இருக்கையில் அமர்ந்த பிறகுதான் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உந்தக் கோலத்தோடையோ அங்கை வரப்போறியள்? கவுணைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

அவர் உள்ளே ஓடினார். அங்கியைக் கதவுக்குப் பின்னாலுள்ள கொக்கியில் மாட்டினார், கோட் அணிந்தார், கதவைச் சாத்திக்கொண்டு வந்து ஏறினார். கார் மூன்று முறை கத்தியது.

"இஞ்சருங்கோ, கத்துதெல்லோ?"

"குளிருக்கு. எடும், எடும்."

எடுத்தார். முழு வழியும் மஞ்சள் சாவி திரையில் மின்னியிருக்கிறது. அவரே பழக்கிவிட்டபடி இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

எட்டே முக்காலுக்கு என் தொலைபேசி ஒலித்தது. தேர்வு நிலையத்தில் காரை நிறுத்திய பின் பூட்டுவதற்குச் சாவியைத் தேடிய நித்தியானந்தன் பேசினார்.

"ரீச்சர், எங்கடை வீட்டுத் திறப்பு உங்களிட்டை ஒண்டு கிடக்கெல்லோ? கதவைத் திறந்தியளெண்டால் பின்னாலை என்ரை கவுண் தொங்கும். இடது பொக்கற்றிலை கார்த் திறப்பு. கெதியா ஒருக்கால்…"

"வேறொரு சாவி இருந்ததே?"

"அது வலது பொக்கற்றிலை."

இரண்டையும் எடுத்துக்கொண்டு, குளிர்ந்து கிடந்த என் காரை அப்படியே கிளப்பி, இருபத்தைந்து நிமிடத்தில் தேர்வு நிலையத்தை அடைந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தேர்வாளரான இளம்பெண் வந்து, காரைக் கிளப்பச் சொல்லியிருக்கிறார். விமலாதேவி பொத்தானை அழுத்தியிருக்கிறார். திரையில் அதே சாவிப் படம், இம்முறை குறுக்கே ஒரு கோட்டுடன். அப்போது நித்தியானந்தன் முன்வந்து தேர்வாளருக்கு விளக்கமளித்ததை விமலாதேவி பின்னர் எனக்கு அவருடைய குரலிலேயே நடித்துக் காட்டினார்: "கார் இஸ் வெரி வார்ம், மேடம். ஃபோட்டி மினிட்ஸ்! டச் த பொனற், மேடம், பிளீஸ் டச்!" அந்தப் பெண் தொடவில்லை. பத்து நிமிடம் பொறுத்திருந்துவிட்டு, 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைத்துப் போய்விட்டார்.

நான் சென்றபோது விமலாதேவி கார்த் தரிப்பிடத்தின் ஓரத்துச் சிமெந்துக் கட்டின்மேல் நேராக அமர்ந்திருந்தார். அழவில்லை. L பலகை மடியில் இருந்தது. அவருடைய கணவர் காரின் அருகில் நின்றார். புறங்கை பொனற்மேல் இருந்தது.

"இன்னும் சூடு கிடக்கு ரீச்சர்."

இரு சாவிகளையும் நீட்டினேன். இரண்டையும் வாங்க அவர் கை விரித்தார். அதற்குமுன் விமலாதேவி எழுந்து வந்து ஒன்றை எடுத்துத் தம் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.

"ரெண்டும் ஒண்டா இருக்கிறதுதான் பத்திரம். இஞ்சை தாரும்."

"ஓம். கண்டனான்," என்றார் விமலாதேவி. சொல்லிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் போய் அமர்ந்தார்.

அதன் பின் இரு வாரங்கள், கோயிலிலும் பிறந்தநாள் விழாக்களிலும், நித்தியானந்தன் இந்நிகழ்ச்சியைத் தம் வழியில் எடுத்துரைத்தார். அவருடைய கதையில் குற்றவாளி காரின் கணினி. கேட்பவர் துருவினால் குற்றம் இடம் பெயரும்: "அண்டைக்கு இவ கவுணைக் கழட்டச் சொல்லாட்டி லைசன்ஸ் அண்டைக்கே கையிலை." கழற்றச் சொன்னது மனைவியின் பிழை, சாவிகளை அதற்குள் வைத்தது எவருடைய பிழையுமன்று.

விமலாதேவி தாமே தேர்வு அலுவலகத்துக்கு அழைத்து வேறொரு நாள் கேட்டார். இருபத்தொன்பதாம் திகதிதான் கிடைத்தது. மாதம் முடிய இரண்டு நாள். இடையில் மூன்று முறை யாமினி என்ற பயிற்றுநரிடம் சென்றார். யாமினியின் சிறு கார் இரவெல்லாம் திறந்த தெருவில் நின்று நனைவது. பொத்தானை அழுத்திய மறுகணம் ஓடுவது. அந்தக் காரிலேயே தேர்வுக்குப் போனார். கணவரை அழைத்துச் செல்லவில்லை. "வீட்டிலை சூடா இருங்கோ" என்று மட்டும் சொன்னாராம். தேறினார். அன்று பின்னேரமே சான்றை மேலாளரிடம் காட்டி, சமையலறைச் சாவியை வாங்கி வந்தார்.

செப்தெம்பரின் முதல் திங்கட்கிழமை. வசந்தம் என்று நாட்காட்டி சொன்னது. புல்தரை வேறுவிதமாகச் சொன்னது. ஆறு மணி இருபது நிமிடத்துக்கு விமலாதேவி வெளியே வந்தார். பின் கண்ணாடியில் புதிதாகத் தேறிய ஓட்டுநருக்கான P பலகை பச்சை நிறத்தில் ஒட்டியிருந்தது. ஒரு போத்தல் குழாய்த் தண்ணீரை முன்கண்ணாடியில் ஊற்றினார், ஏறினார், துடைப்பான்கள் இருமுறை ஆடின. கார் பின்னோக்கி நகரத் தொடங்கியது. நான் எண்ணினேன்: கதவு மூடியதிலிருந்து நாற்பது வினாடி.

உறுமலைக் கேட்டு நித்தியானந்தன் வாசலுக்குப் பாய்ந்து வந்தார். கவுணின் நாடா ஒருபுறம் இழுபட்டது. ஒரு காலில்தான் செருப்பு.

"இஞ்சரும்! ஒரு அஞ்சு நிமிசம்! எஞ்சின் என்னத்துக்காகும்?"

யன்னல் சற்றுக் கீழிறங்கியது. "போயிட்டு வாறன்!"

கார் தெரு முனைவரை போய், அங்கிருந்த நிறுத்தப் பலகையின்முன் நின்றது. இடப்பக்க விளக்கு சிமிட்டியது. முன்றலில் கார் நின்ற இடம் மட்டும் பனிபடாமல் ஒரு கரிய நீள்சதுரமாக இருந்தது. நித்தியானந்தன் அதன் நடுவில் நின்று, இடப்பையைத் துழாவி, எஞ்சியிருந்த ஒற்றைச் சாவியை எடுத்தார். ஓடும் காரை அந்தப் பொத்தான் பூட்டாது என்று எங்கள் தெருவில் முதன்முதலில் கண்டறிந்தவர் அவரே. ஆயினும், தெரு முனையை நோக்கிக் கையை முழுவதும் நீட்டி, பூட்டும் பொத்தானை அழுத்தினார். சற்றுப் பொறுத்து, இன்னொரு முறையும் அழுத்தினார்.