இறுதிக் கட்டத்தில் நின்ற ஆட்டம்

அக்காளின் மகன் அண்மையில் படூரில் உள்ள என் இல்லத்துக்கு வந்தபோது, பழைய வீடியோ கேம்கள் யாவும் அடங்கிய சிறு கருவியொன்றைத் தந்து சென்றான். மாலைகளில் எடுத்து ஆடுகிறேன். சற்று நேரத்திலேயே கண் எரிகிறது. எந்த இடத்திலும் நிறுத்திவிட்டு, மறுநாள் அங்கிருந்தே தொடரலாம் என்னும் வசதி வேறு. தோற்க அஞ்ச வேண்டாத ஆட்டம் விரைவில் அலுத்துவிடுகிறது.

கோவளத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில் அவ்வசதி இல்லை. மின்சாரம் நின்றால் ஆட்டமும் அழிந்துபோகும். உப்புக்காற்று வீடியோ கேம் கேசட்டின் உலோகப் பற்களை அரித்திருந்தமையால், மீண்டும் தொடங்குவதும் எளிதன்று. கழற்றி, வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்துச் செருகுவோம். பெரும்பாலும் திரையில் கோடுகளே தோன்றும். அந்த ஞாயிறன்று காலையில் கேசட் எப்படியோ இசைந்துகொடுத்தது. எங்கள் வீட்டில் எவரும் கண்டிராத இறுதிக் கட்டத்தை அக்காள் எட்டிய வேளையில், வாசலில் வேன் வந்து நின்றது. அவளைப் பெண் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து வரவிருந்தவர்கள், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

அக்காள் ஆட்டத்தை இடைநிறுத்தினாள். தொலைக்காட்சியின்மேல் பூவேலைத் துணியை இழுத்துவிட்டு, "யாரையும் ஆஃப் பண்ண வுட்றாதடி. அவங்க போனதும் வந்து முடிச்சிட்றேன்" என்று சொல்லிப் புடவை மாற்றச் சென்றாள். நான் பெட்டியருகே அமர்ந்து காவல் காத்தேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் அமர்ந்த கையோடு தொடங்கினார். "இன்னா பாப்பா, மேட்ச் நடந்துகினு கீது. டிவியப் போடு."

"ரிப்பேரு மாமா."

"ரிப்பேரான டிவிக்கா இவ்ளோ அலங்காரம்? நாங்க எதைப் பாக்க வந்துகீறோம்னே தெரிலயே."

கூடம் சிரித்தது. துணியின் கீழ்நுனியில் நீல ஒளி கசிந்துகொண்டிருந்தது, முழங்காலால் மறைத்துக்கொண்டேன். அக்காள் காபித் தட்டுடன் வந்து வணங்கினாள். ஓய்வு நேரத்தில் என்ன செய்வாள் என்று மாப்பிள்ளையின் தாயார் வினவினார். தையல் என்றாள், அறுந்த பொத்தானைக்கூட அம்மாவிடம் நீட்டுகிறவள். அவள் பார்வை என் பக்கம் திரும்பியது. ஆட்டம் பத்திரமாக இருக்கிறதென்று தலையசைத்தேன்.

காபியோடு எழுந்துவிடுவார்கள் என்று நம்பினேன். தாய்மாமனோ தம் தமக்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இலையப் போடச் சொல்லுங்க" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது. பெண் பிடித்தாலன்றி மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கமாட்டார்கள் என்பது பெரியவர்கள் அறிந்த முறைமை. நான் அறிந்ததெல்லாம் வீடியோ கேமின் அடாப்டர் கொதித்துக்கொண்டிருந்தது ஒன்றே. அவர்களோ நிதானமாக மோர் வரைக்கும் உண்டார்கள்.

வேன் புறப்பட்டதும் துணியை விலக்கினேன். சின்னஞ்சிறு வீரன் தூக்கிய காலுடன் அப்படியே நின்றிருந்தான். "அக்கா, ஆட்டம் போகல. வந்து ஆடு."

பட்டுப்புடவையோடு வந்தாள். சிறிது நேரம் அவனையே பார்த்தாள். பிறகு தானே சுவிட்சை அணைத்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தான காப்பாத்தி வெச்சினு இருந்தேன்?"

"வுடுடி. கை வலிக்குது."

காலையில் நெடுநேரம் ஆடியதால் வந்த வலி என்றெண்ணி, அவள் வலக்கையை மடியில் வைத்து விரல்களைப் பிடித்துவிட்டேன். அவளும் அழத் தொடங்கியபோது, நான் அழுத்தியது அதிகமோ என்று அஞ்சி, இன்னும் மெதுவாகப் பிடித்துவிட்டேன்.