ஊமைப்படத்துக்கு என் அண்ணன் வசனம்

மணல் தரையோடு ஒரு டூரிங் கொட்டகை, பிறகு ஒரு ரைஸ் மில், அதற்கும் பிறகு ஒரத்தநாட்டில் மாடி வைத்த வீடு. பண்ணையாள் மகன், மூன்றாம் வகுப்பு தாண்டாதவன், ஒருத்தர் தயவும் இல்லாமல் கட்டினேன். இந்த வட்டாரத்தில் ஊமைப்படத்தைப் பேச வைத்தவனும் நான்தான். அதைத்தான் மறைக்கிறார்கள்.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிது. கூலித் தகராறில் வரப்புக்கு வரப்பு போலீஸ் நின்ற காலம். தஞ்சாவூர்க் கல்லூரி வாத்தியார் ஒருவர் ஜெர்மன் படப்பெட்டி ஒன்றோடு என் கொட்டகைக்கு வந்தார். அந்த நாட்டில் மேடையில் நடித்த நாடகத்தைப் படமாக எடுத்தார்களாம். சத்தம் கிடையாது. நடுநடுவே எழுத்து வரும், அதுவும் ஜெர்மன். கதையைப் பகலிலேயே எனக்குச் சொல்லிவிட்டார். சனங்களுக்கு நான் மைக்கில் சொல்ல வேண்டும்.

பண்ணையை விட்டு விரட்டப்படும் ஒரு கிழவன் கதை. எசமான் முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் வாயசைக்கிறான். பிறகு வரும் எழுத்து ஒரே வரி. 'போகிறேன்' என்று அர்த்தமாம். அவ்வளவு நேரம் பேசியவன் அதை மட்டுமா சொல்லியிருப்பான்? எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

நான் கொட்டகை போடுவதற்கு முன்னால், கூலி நெல் கூடக் கேட்டதற்காக, அண்ணனைக் குடிசையைப் பிரிக்கச் சொன்னார் மிராசுதார். தை அறுப்புக்கு வெளியூர் ஆளும் இறக்கியாயிற்று. அண்ணன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு களத்தில் நின்றார்.

"நான் நட்டதுங்க. நானே அறுத்துப் போட்டுட்டுப் போயிடறேன். அப்புறம் நீங்க சொல்ல வேணாம், குடிசைய நானே பிரிச்சுக்கறேன்."

பக்கத்தில் நின்ற நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மிராசுதார் அவரை அறுக்க விடவில்லை. அடுத்த நடவுக்கு அண்ணன் உயிரோடு இல்லை.

அந்தப் பேச்சைத்தான் ஒரு சொல் மாறாமல் கிழவன் வாயில் போட்டேன். படம் முடிந்ததும் அண்ணி வந்து நின்றார்.

"அந்த வெள்ளக்காரக் கெழவனுக்கு எங்க வீட்டுக்காரர் பேச்ச ஏன் தம்பி குடுத்தீங்க?"

"அந்தக் கெழவனுக்குப் பேசத் தெரியல அண்ணி."

"இவருக்குத் தெரிஞ்சு என்ன ஆச்சு?"

அன்று மணலில் உட்கார்ந்து பார்த்த வலங்கைமான் நாடகக்காரர் ஒருவர் அந்தக் கதையை மேடை ஏற்றினார். போன ஊரெல்லாம் அந்தப் பேச்சுக்குத்தான் கைதட்டல். இப்போது அவர் வீட்டில் நாடகத்தைப் புத்தகமாகப் போடுகிறார்கள். வசனம் என்று அவர் பெயர் இருக்கிறது. நேரில் போய்க் கேட்டேன். அவர் மகன் சிரித்தார்.

"ஊமைப்படத்துல ஏது பெரியவரே வசனம்?"

இல்லைதான். இல்லாத இடத்தில் போட்டவன் நான். அண்ணி இன்னும் இருக்கிறார், எழுத்துக் கூட்டிப் படிப்பார். புத்தகத்தின் முதல் பக்கத்தில், மைக்கில் சொன்னவன் நான், சொல் என் அண்ணனுடையது என்று போட வேண்டும். அண்ணி கண்ணுக்குத் தெரிகிற அளவு எழுத்தில்.