ஐப்பசிக்கு ஒரு குழாய்

வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் ஊர்க் கோயிலின் ஒலிபெருக்கிக் குழாய் கீழ்த்தோட்டத்து வாழைகளுக்கு நடுவில் கிடைத்தது. வாய் நிறைய வண்டல். நசுங்கிய விளிம்பில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. தூக்கி வந்தவர்கள் அதைக் கோயில் வாசலில் கவிழ்த்து வைத்தார்கள். மற்றவர்களுக்கு அது உடைந்துபோன ஒரு சாமான். எனக்கு அது என் மகளைக் கரையேற்றிய குரல்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சேரன்மாதேவிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கணவருக்கு வடக்கே வேலை. வீட்டில் நானும் ஏழாம் வகுப்பு படித்த மகளும்தான்.

அந்த ஐப்பசிக் கடைசியில் மணிமுத்தாறு அணையைத் திறந்துவிட்ட காலை, மகள் படித்துறையின் அடிப்படியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். லேசான தூறல். ஆறு கொஞ்சம் கலங்கியிருந்தது, அவ்வளவுதான். திடீரென்று கோயில் மைக்கில் எதிர்வீட்டுக்காரரின் குரல் கேட்டது. அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பஞ்சாயத்துக்குப் போனில் வந்த செய்தியைக் கேட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். வாழ்நாள் பழக்கம் எங்கே போகும்?

"யாரும் படியில நிக்காதீய! மேல ஏறுங்க, மேல ஏறுங்க!"

பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். மகளும் ஏறிவந்தாள். நான் துண்டோடு மேலே நின்றிருந்தேன். அவள் என் கையைப் பிடித்த பிறகு ஆற்றைப் பார்த்தேன். அவள் துணி துவைத்த கல்லைக் காணவில்லை. செம்மண் நிறத்துத் தண்ணீர் சத்தமே இல்லாமல் படிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. "மேல ஏறு" என்று வந்த குரல் பாதியில் அறுந்தது. கோயில் குழாயைக் கட்டியிருந்த படித்துறைக் கம்பம் அதோடு சாய்ந்து ஆற்றோடு போயிற்று.

இதை எழுதும்போதும் அந்தக் கல் இருந்த இடம்தான் எனக்குத் தெரிகிறது.

அதன் பிறகு நான் அவளை ஆற்றுக்கு விடவில்லை. ஆற்றங்கரையில் பிறந்துவிட்டு, தெருமுனை அடிபம்பின் உப்புத் தண்ணீரில் குளித்தாள். தலைமுடி தேங்காய் நாராயிற்று. தோழிகள் ஈரச் சடையோடு வாசலைக் கடந்து போகும்போதெல்லாம் என்னை முறைப்பாள்.

"எப்பம்மா என்னைய விடுவ?"

"அந்தக் குழாய் மறுபடியும் பேசட்டும். அப்புறம் போ."

தட்டிக்கழிக்கத்தான் சொன்னேன். அவள் அதை வாக்காகப் பிடித்துக்கொண்டாள். "குழாய் என்னாச்சு?" என்று தினமும் கேட்டாள். கோயில் கணக்கு வழக்கைப் பார்க்கும் அண்ணாச்சியிடம் நான் போய் நிற்கும்படி ஆயிற்று. அப்போது ஆடி மாதம்.

"குழாயா? மார்கழிக்குத்தான டீச்சர் வேணும்? போன மார்கழிய வாடகைக் குழாய வச்சு ஓட்டியாச்சு. இனி கார்த்திகை பாதிக்கு மேல பாத்துக்கிடலாம்."

"தண்ணி மார்கழி வரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும் அண்ணாச்சி?"

"அந்த மாதிரி வெள்ளம் ஆயுசுக்கு ஒருக்கத்தான் வரும். வந்துட்டு, போயிட்டு. நீங்க இன்னும் பயந்துக்கிட்டு இருக்கீய."

பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒலிபெருக்கிக்கு ஒரு மாதம்தான் உண்டு. மார்கழி விடியலில் பாட்டுப் போட்டு ஊரை எழுப்புவதற்காக வாங்கியது அது. ஊரையே ஆற்றிலிருந்து எழுப்பிய பிறகும் யாருக்கும் அது ஐப்பசிச் சாமானாகத் தோன்றவில்லை.

"செலவு என் பொறுப்பு. குழாயை மட்டும் கொடுங்க" என்றேன். தலையாட்டினார்.

குழாயின் பின்னால் சின்னச் சட்டி மாதிரி திருகியிருப்பதற்கு யூனிட் என்று பெயர். பாளையங்கோட்டையை ஒட்டிய ஜங்ஷனில் மைக் செட் கடைக்காரர் அதைத் திறந்து காட்டினார். உள்ளே அப்பளம் போல மெல்லிய வட்டத் தகடு. அதற்கு டயாப்ரம் என்றார். அது அதிர்ந்தால்தான் சத்தம். எங்களுடையது கிழிந்து வண்டலில் ஒட்டிக் கிடந்தது. "இந்த அளவு இப்பம் கடையில வராது. செஞ்சவரு பேட்டையிலதான் இருக்காரு, அவர்ட்ட கேளுங்க" என்று வழி சொன்னார்.

பேட்டையில் அது ஒரு தகரக் கொட்டகை. ஒரு பக்கம் பெண்கள் உட்கார்ந்து தலைமுடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் டயாப்ரம் அடிக்கும் மெஷின். முதலாளி, எல்லோரும் பாய் என்று கூப்பிடும் குண்டு மனிதர், யூனிட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"நான் தொழில் தொடங்குன புதுசுல செஞ்சதுல்லா இது! மார்கழிக்கா டீச்சர்?"

"இல்லை பாய். ஐப்பசிக்கு."

"ஐப்பசியில உங்க சாமிக்கு என்ன விசேஷம்?"

"சாமிக்கு இல்ல மாமா, ஆத்துக்கு" என்றாள் மகள்.

"ஆத்துக்கு இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட ஆர்டர் தரலியே!" என்று சிரித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். மெஷினில் இப்போது வேறு அச்சு ஓடுகிறது. ஒற்றை டயாப்ரத்துக்காக அதைக் கழற்றிப் பழைய அச்சை மாட்டினால் அவருக்கு அன்றைய வேலை போய்விடும். "கார்த்திகையில கோயில்காரங்க பூராப் பேரும் வருவாங்க. அதோட சேத்து அடிச்சுத் தாரேன்."

"எத்தன சேந்தா அச்ச மாட்டுவீய?" மகள் விடவில்லை.

"ஒரு சாக்கு கொண்டா, மாட்டுதேன்."

என்னைப் போலவே அவரும் தட்டிக்கழிக்கத்தான் சொன்னார். அவளைப் பற்றி அவருக்குத் தெரியாது.

திரும்பும் பஸ்ஸிலேயே அவள் தொடங்கிவிட்டாள். "நம்ம குழாய் மட்டுமாம்மா முங்கிச்சு? ஆத்தோரத்துல எல்லா ஊர்லயும்தான முங்கியிருக்கும்?" எனக்கு அது தோன்றவே இல்லை. என் பயத்தில் ஒரே ஒரு படித்துறைதான் இருந்தது.

விடுமுறை நாட்களில் நாங்கள் ஆற்றோர ஊர்களுக்குப் போகத் தொடங்கினோம். கண்டக்டரும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். அவருக்குத் தெரியாத பஸ் கிடையாது. ஆற்றில் எங்களுக்கு மேற்கே இருக்கும் மேலூர் சர்ச்சில் யூனிட் அலமாரிக்கு மேல் பேப்பரில் சுற்றி இருந்தது. "கிறிஸ்மஸ் வரட்டும்னு வச்சிருக்கோம்" என்றார்கள். ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சுதந்திர தினம் முடிஞ்சிட்டே டீச்சர்? இனி குடியரசு தினத்துக்குத்தான வேணும்?" டூரிங் டாக்கீஸ்காரர் ஒருவர் மழை முடிந்துதான் கொட்டகை போடுவாராம். ஆற்றங்கரை முழுக்கக் குழாய்கள் ஊமையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் தன் தன் மாதத்துக்குக் காத்திருந்தது. மழை மாதத்துக்கு மட்டும் ஆள் இல்லை.

நான் எங்கும் வாதம் செய்யவில்லை. மகள் நின்ற கல்லைப் பற்றி மட்டும் சொன்னேன். அதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் முந்தானையை இறுகப் பிடித்துக்கொள்வேன். அக்கரைப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் "நோம்புக்குத்தாம்மா எங்களுக்கு..." என்று ஆரம்பித்தவர், கல் வந்ததும் நிறுத்திவிட்டார். உள்ளே போய் யூனிட்டைக் கொண்டுவந்து சாக்கில் அவரே போட்டார். "எம் மகனும் அன்னைக்கு ஆத்துலதான் நின்னான்" என்றார்.

புரட்டாசிக் கடைசியில் பேட்டைக் கொட்டகையின் நடுவில் கண்டக்டர் சாக்கைக் கவிழ்த்தார். யூனிட்டுகள் தேங்காய்கள் போல உருண்டன. கம்பி சுற்றிய பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"யா அல்லா! வெளையாட்டுக்குல்லா சொன்னேன் வே!"

"நாங்க வெளையாட்டுக்குச் சுமக்கல பாய்" என்றார் கண்டக்டர். "சாக்கு சரியா இருக்கா, இல்ல இன்னும் ரெண்டு பொறக்கிட்டு வரணுமா?"

பாய் என் மகளைப் பார்த்தார். "ஏட்டி, நீ பெரிய ஆளா வந்து எங்கிட்ட கடன் வசூலிக்க வந்துராத" என்றார். சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு அச்சைக் கழற்ற அவரே உட்கார்ந்தார்.

அந்த மெஷின் அடித்த முதல் டயாப்ரத்தை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது நினைவிருக்கிறது. புதுத் தாம்பாளம் போல மின்னியது. அதை எங்கள் யூனிட்டில் பொருத்தி, மைக்கை மகளிடம் நீட்டினார். அவள் வெட்கப்பட்டாள், பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு "மேல ஏறுங்க!" என்றாள். தகரக் கூரை அதிர்ந்தது. பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

குழாய்கள் அவரவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. எங்களுடையதைக் கண்டக்டர் கோயில் கோபுரத்தின் பக்கச் சுவரில் உயரமாக, வாய் ஆற்றைப் பார்க்கும்படி கட்டினார். மேலூர்க் குழாய் பேசினால் நாமும் பேச வேண்டும் என்று அவரே ஒரு சட்டமும் போட்டார். "சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டு இருக்கே" என்று அண்ணாச்சி முணுமுணுத்தார். "மார்கழியில திருப்பிக்கிடலாம்" என்று கண்டக்டர் அவருக்குப் பதில் சொன்னார்.

குழாய் பேசிவிட்டது. என்னால் வாக்கை மீற முடியவில்லை. மகள் ஆற்றுக்குப் போகத் தொடங்கினாள். அவள் திரும்பி வரும்வரை நான் அடுப்பில் எதையும் வைக்கமாட்டேன், கருகிவிடும்.

ஐப்பசி நடுவில் இரண்டு நாளாக விடாத மழை. மூன்றாம் நாள் கொஞ்சம் வெறித்தது. மழைக்காக எங்கள் பள்ளியை மதியமே விட்டுவிட்டார்கள். மெயின் ரோட்டில் இறங்கி வயல் வழியாக ஊரை நோக்கி நடந்தேன். மகளுக்கும் லீவு என்று நினைவு வந்தது. வானம் வெறித்திருக்கிறது. அவள் எங்கே இருப்பாள் என்று யோசிக்கத் தேவையில்லை.

அப்போது மேற்கிலிருந்து ஒரு குரல் கேட்டது. சர்ச் குழாய். வார்த்தை புரியவில்லை, ஆனால் அது பாட்டு இல்லை. கொஞ்சத்தில் அக்கரையிலிருந்து மோதினார் குரல், தெளிவாக: "தண்ணி தொறந்துட்டாங்க! ஆத்துல யாரும் நிக்காதீங்க!"

எங்கள் குழாய் பேசவில்லை.

வரப்பில் ஓடினேன். செருப்பு சேற்றில் போயிற்று. ஊரில் கரண்ட் இல்லை என்பதும், கண்டக்டர் ஒரு லாரி பேட்டரியை இழுத்துவந்து ஒயரை மாட்டிக்கொண்டிருந்தார் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? வாயில் வந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் ஒரு கரகரப்பு. பிறகு வயல் முழுக்க, ஆறு முழுக்க, என் நெஞ்சு முழுக்க அந்தக் குரல்:

"யாரும் படியில நிக்காதீய! மேல ஏறுங்க, மேல ஏறுங்க! கடைசிப் படியில யாரு, ஏறு ஏறு!"

நான் படித்துறைக்கு வந்தபோது எல்லோரும் மேலே நின்றிருந்தார்கள். ஈரத்துணி மூட்டையோடு பெண்கள், சோப்பு நுரை காயாத தலையோடு ஆண்கள். கீழே படிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. இந்தத் தடவை ஆறு விழுங்குவதற்கு வெறும் கல்தான் கிடைத்தது. யாரோ ஒருவர் கைதட்டினார். எதற்கென்று தெரியாமலே எல்லோரும் தட்டினோம்.

அண்ணாச்சி இடுப்பில் ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டிருந்தார். அவரும் குளிக்கத்தான் வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கோபுரச் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சர், மார்கழிக்கு வேற குழாய் ஒண்ணு பாக்கணும். இத இங்கனருந்து கழத்தக் கூடாது."

மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சடையில் நீர் சொட்டியது. முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"புதுச் சோப்பும்மா. ஆத்தோட போயிட்டு."

"போகட்டும்."

"தண்ணி வடிஞ்ச ஒடனே நான் வரலாம்லா?"

மேலே கண்டக்டர் இன்னும் நிறுத்தவில்லை. ஏற ஒருவரும் இல்லாத படிகளைப் பார்த்து "ஏறுங்க, ஏறுங்க" என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இன்னும் பயந்துகொண்டுதான் இருந்தேன். அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினேன்.

"வா" என்றேன்.