சேரின் டிரோம்போனைப் பூட்டி வைத்தவர்

பிள்ளைகளே, எங்களுக்குச் சங்கீதம் படிப்பித்த சேர் கொழும்பில் பெரிய ஓர்கெஸ்ட்ராவில் டிரோம்போன் ஊதியவர். வயலினும் குழலுமாக ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்க, முன்னால் ஒருவர் குச்சியை ஆட்டுவாரே, அதுதான். டிரோம்போனில் விரல் வைக்கத் துளையும் இல்லை, அழுத்தக் கட்டையும் இல்லை. ஒரு நீண்ட வளைந்த குழாய் இன்னொன்றின்மேல் வழுக்கிப் போய் வரும். எவ்வளவு தூரம் இழுத்தால் எந்தச் சுரம் என்று காதுதான் சொல்ல வேண்டும்.

சேரும் நம்மைப் போலத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவர்தான். கொழும்பை விட்டுக் கஹவத்தைப் பக்கம் படிப்பிக்க வந்தவர், சனிக்கிழமைகளில், தேயிலையும் றப்பருமாக இருந்த எங்கள் தோட்டத்து மண்டபத்தில் பேண்ட் பழக்கினார். நான் அப்போது பள்ளிக்கூடத்தை விட்டு றப்பர் வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு அப்படியே பழக ஓடுவேன். கையெல்லாம் ஒட்டுப்பால் நாறும். நான் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றால் சேர் சிரிப்பார்.

"வா வா, வாத்தியத்துக்கு மூக்கு கெடையாது."

ஓர்கெஸ்ட்ராவில் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "முக்காவாசி நேரம் சும்மா குந்தியிருப்பேன். நம்ம முறை வரும்போது தூங்காம இருந்தா போதும், சம்பளம் குடுத்துருவாங்க" என்றார். அவர் ஊதினால் மண்டபத்துத் தகரம் அதிரும். அதே வாத்தியத்தில் தாலாட்டு மாதிரியும் ஊதுவார்.

பாடம் முடிந்ததும் இழுகுழாயைக் கழற்றி, உள்ளே துணி விட்டுத் துடைத்து, கிரீம் தடவி வைப்பார். "இங்க பேயுற மழைக்கு மனுசனே பாசி புடிக்கிறான். இது பித்தளை. கவனிக்காம விட்டா கோவிச்சிக்கும்" என்பார். அவர் வாடகைக்கு இருந்த வீடு ஒழுகும். அதனால் சொந்த டிரோம்போனையும் மண்டபத்து அலுமாரியிலேயே வைத்திருந்தார்.

மண்டபத்துச் சாவி எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் இருந்தது. நீங்கள் வாசிப்பதால் மரியாதையாக 'அவர்' என்று எழுதுகிறேன். மனதுக்குள் வேறு சொல் இருக்கிறது.

ஒருமுறை பெரிய அரசியல்வாதி ஒருவர் தோட்டத்துக்கு வருவதாக இருந்தது. ரோட்டு முனையிலிருந்து பிள்ளைகள் பேண்ட் வாசித்துக் கூட்டி வர வேண்டும் என்றார் தலைவர். வெளியே கொட்டுகிற மழை.

"கோயிலுக்குக் கேளுங்க, கல்யாணத்துக்குக் கேளுங்க, வர்றோம்" என்றார் சேர். "கார்ல வர்றவருக்காகப் பிள்ளைங்கள மழையில நிறுத்த மாட்டேன்."

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் புதுப் பூட்டு தொங்கியது.

"சாவிய எங்கயோ வச்சிட்டேன் சேர். நாளைக்குப் பாப்போம்" என்றார் தலைவர். சேர் போய்க் கேட்கும்போதெல்லாம் அதே 'நாளைக்கு'தான். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. பூட்டை உடைக்க நான் கம்பி எடுத்தேன். சேர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒடச்சா நம்மளத்தான் கள்ளன்னு பொலிசுல சொல்லுவான்."

அதோடு தலைவர் நிற்கவில்லை. லயம் லயமாகப் போய், "சேருக்கு இப்ப தோட்டத்துப் பிள்ளைங்க நாறுது. அதான் பழக்குறத நிப்பாட்டிட்டாரு" என்று சொல்லித் திரிந்தார். அதைச் சனம் நம்பியது. சேரைக் கண்டால் வழிமறித்துப் பேசுகிற தாய்மார், கொழுந்துக் கூடையைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். வாத்தியம் கையில் இல்லாததைவிட அதுதான் அவரை அரித்தது. கொஞ்ச நாளில் நெஞ்சு வலி வந்தது, போய்விட்டார்.

செத்த வீட்டுக்குப் போகிற பாதை முழுக்க வெள்ளைக் கொடி. பெட்டியைத் தூக்குவதற்கு முன் நம் வழக்கப்படி மைக்கில் அனுதாபப் பேச்சு. தலைவர் வந்தார், கையில் சேரின் டிரோம்போன், அதற்கு ஒரு மாலை. பித்தளைக்குப் போடும் பிராஸோ பாலிஷைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தங்கம் மாதிரி ஆக்கியிருந்தார். மைக்கைப் பிடித்தார்.

"சேர் நம்மள விட்டு ஒதுங்கினாலும், அவரு சாமான நான் என் பிள்ள மாதிரி பாத்துக்கிட்டேன்" என்று பேசிவிட்டு, அதை என்னிடம் நீட்டினார். "ஊது தம்பி. சேரு ஆத்மா சாந்தியடையட்டும்."

வாங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. வெளிப்பக்கம்தான் பளபளப்பு. இழுகுழாய் அசையவே இல்லை. ஓரத்தில் பச்சைக் களிம்பு கசிந்திருந்தது. மனிதர், வாத்தியத்தைக் குத்துவிளக்கு மாதிரி நினைத்து மேலே மட்டும் விளக்கியிருக்கிறார். நான் மெதுவாக, "இது பழுது" என்று சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. மைக்குக்கு அருகில் போனேன்.

"தலைவரே, ஊதுறதுக்கு முந்தி இத இழுக்கணும். நீங்கதான பிள்ள மாதிரி பாத்துக்கிட்டீங்க, ஒருக்கா இழுத்துக் காட்டுங்க."

இழுத்தார். வரவில்லை. மடியில் வைத்து இழுத்தார். மாலை அறுந்து விழுந்தது.

"நல்லா இழுங்க தலைவரே, சந்தாக் காசு இழுக்குற மாதிரி" என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண். சாவு வீட்டில் சிரிப்பு எழுந்தது.

"இது பூட்டிக் கெடந்தா இப்படித்தான் இறுகும்" என்று மைக்கிலேயே சொன்னேன். அப்போது பெட்டியின் தலைமாட்டில் இருந்த சேரின் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "கடைசி வரைக்கும் அந்தச் சாவியத்தானே கேட்டுக்கிட்டிருந்தாரு" என்றார்.

சிரிப்பு அடங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்ட தாய்மாரில் ஒருத்தி எழுந்து வந்து பெட்டியின் காலடியில் விழுந்து அழுதாள். பிறகு இன்னொருத்தி. தலைவர் டிரோம்போனை நாற்காலியில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் நழுவினார். பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கும்போது என் கண்ணில் தண்ணீர் இருந்தது. தலைவர் பட்ட அவமானத்தில் உள்ளே மனசு குளிர்ந்துபோயும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

சங்கத்தின் அடுத்த தெரிவில் அவர் தலைவராக வரவில்லை. போன மாதம் கஹவத்தை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் மனசுல வச்சிருக்கியா தம்பி? நெசமாவே சாவி வச்ச எடம் மறந்து போச்சிப்பா."

"சேர் வந்து வந்து கேட்டாரே, அப்பவுமா மறந்துச்சி?"

 எனக்கு பஸ் வந்தது.

சேரின் மனைவி தலைவரை மன்னித்துவிட்டார், வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி கொடுக்கிறார். அது அந்த அம்மாவின் பெரிய மனசு. நீங்களும் வழியில் கண்டால் வணக்கம் சொல்லுங்கள், வயதானவர். என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்.