சட்டர் க்ரீக்கில் காணாமல் போன ஷூ

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நானும் அப்பாவும் மில்பிடாஸிலிருந்து காரில் கிளம்பினோம். சட்டர் க்ரீக் ஏறத்தாழ நூற்றுப் பத்து மைல். ஒரு காலத்தில் தங்கம் வெட்டிய ஊர். அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் இறங்கி ஏறியவர். கோல்டன் கேட் பாலத்தைக் காட்டினால் கொட்டாவி விட்டார். "இங்க தங்கச் சுரங்கம் எதுவும் இல்லியாம்மா?" என்று வந்த நாளிலிருந்து ஒரே நச்சரிப்பு. திங்கட்கிழமை அவர் ஊருக்குத் திரும்ப விமானம்.

நான்கு மணிக்கு விடுதி. விக்டோரியா மகாராணி காலத்து மரக் கட்டடம். பூப்போட்ட சுவர், ஏறினால் முனகும் படிக்கட்டு. வாடகை இருநூற்றுப் பத்து டாலர் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காரிலேயே படுத்திருப்பார். அறைக்குள் கம்பளத்தைப் பார்த்ததும், வீட்டு வழக்கப்படி இருவரும் ஷூவைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டோம்.

ஞாயிறு காலை எட்டரை. கதவைத் திறந்தால் இரண்டு ஜோடியும் இல்லை. ஒன்பதரைக்குச் சுரங்கச் சுற்றுலா. ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அப்பாவிடம் மீதி இருந்தது ரப்பர் செருப்புதான்.

"ஹோட்டல்ல போய் யாராவது வெளிய விடுவாங்களாப்பா?" என்று பாய்ந்தேன். நானும்தான் விட்டேன் என்பது வசதியாக மறந்துவிட்டது.

"பரவால்லம்மா, நீ மட்டும் கடைல ஒண்ணு வாங்கிப் போட்டுட்டுப் போய்ட்டு வா," என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

கீழே ஓடினேன். விடுதி நடத்தும் லிண்டா பின்னறையில் உட்கார்ந்து அப்பாவின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே வைத்த ஷூவைத் துடைத்துத் தருவது அந்த விடுதியின் ஆதி வழக்கமாம். இப்போதெல்லாம் யாருமே வைப்பதில்லையாம். "யூ மேட் மை டே!" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அப்பா ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கல்யாணத்துக்குக்கூட இப்படி மின்னலம்மா."

ஒன்பதரைக்குத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். சில்லென்றிருந்தது. "நம்ம சுரங்கம் அடுப்பு மாதிரி கொதிக்கும்," என்றார். ஓரிடத்தில் வழிகாட்டி விளக்கை அணைத்தார். சொந்தக் கை தெரியாத இருட்டு. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்காப்பா?"

"எனக்கென்ன பயம்? அங்க வீட்டு ஆளுங்கள உள்ள விடமாட்டாங்க. உங்கம்மா கடைசி வரைக்கும் பாக்கல. நீயாவது பாக்கணும்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

திரும்பும்போது மில்பிடாஸ் வரும்வரை நான் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். எத்தனை அடி ஆழம், எத்தனை மணி நேரம், சாப்பாடு எங்கே என்று. முப்பத்தெட்டு வயதில், முதல் முறையாக.